கூண்டில் யார், நாற்காலியில் யார்: ஹேக் நீதிமன்றத்தை யார் நம்புவது?

வாசகர் ஒருவர், 13 மார்ச் 2025

ஹாங்காங்கிலிருந்து திரும்பிய பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டேவை மணிலா ஏர்போர்ட்டிலேயே மடக்கி, அன்று இரவே ஹேக்குக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். செய்தது சரியா தப்பா என்பது இருக்கட்டும். ஹேக்கில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2002இல் வேலையைத் தொடங்கியதிலிருந்து அங்கே கூண்டில் நின்றவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். இப்போதுதான் முதல்முறையாக ஆசியாவிலிருந்து ஒருவர். ஆனால் மேலே பாருங்கள். தலைமை வழக்கறிஞர் கரீம் கான் பாகிஸ்தான் வம்சாவளி. அவருக்கு முன்னால் இருந்தவர் ஆப்பிரிக்கப் பெண். நீதிமன்றத் தலைவர் ஜப்பான்காரர். நம்மைப் போன்றவர்கள் மேலே உட்கார்ந்தால் இந்த அமைப்புகள் மேல் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்களே, வந்ததா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

14 மார்ச் 2025

வரவில்லை. சுற்றி வளைக்காத பதில் இவ்வளவுதான். இனி சுற்றி வளைக்கிறேன்.

காம்பியா என்று ஒரு நாடு. செனகலின் வயிற்றுக்குள் ஓர் ஆற்றங்கரையாக நீண்டு கிடப்பது. ஃபாட்டூ பென்சூடா அந்த ஊர்க்காரர். 2012இல் ஹேக்கின் தலைமை வழக்கறிஞர் ஆனார். ஆப்பிரிக்கர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவர் பதவியில் இருக்கும்போதே, 2016 அக்டோபரில், அவருடைய சொந்த நாடே நீதிமன்றத்தை விட்டு விலகுகிறோம் என்று அறிவித்தது. அந்நாட்டுத் தகவல் துறை அமைச்சர் டிவியில் தோன்றி, இது கறுப்பர்களை அவமானப்படுத்தும் வெள்ளையர் நீதிமன்றம் என்றார். வழக்கு நடத்துவது அவர் ஊர்ப் பெண். அந்தப் பெண் ஒரு காலத்தில் இதே அதிபர் யாஹ்யா ஜாம்மேயின் சட்ட அமைச்சராகவும் இருந்தவர்.

அதே டிசம்பரில் ஜாம்மே தேர்தலில் தோற்றார். முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்து, கடைசியில் 2017 ஜனவரியில் நாட்டை விட்டே ஓடினார். பிப்ரவரியில் புதிய அரசு, விலகலை ரத்து செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது. நடுவில் பென்சூடாவின் நிறமும் மாறவில்லை, நீதிமன்றத்தின் நிறமும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: தன்மேல் வழக்கு வருமோ என்று பயப்படக் காரணம் இருந்த ஆள் போய்விட்டார்.

14 மார்ச், இரவு

"ஆப்பிரிக்கர்களை வேட்டையாடும் நீதிமன்றம்" என்று கீழே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். 2013இல் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தலைமை வகித்த எத்தியோப்பியப் பிரதமரும் ஏறக்குறைய இதையேதான், இன வேட்டை என்று, சொன்னார். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் ஜார்ஜியா விசாரணை தொடங்கும்வரை அந்த நீதிமன்றம் நடத்திய எல்லா விசாரணையும் ஆப்பிரிக்காவில்தான்.

ஆனால் வழக்கை ஹேக்குக்கு அனுப்பியது யார் என்றும் பாருங்கள். உகாண்டா, காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி: இந்த நாட்டு அரசுகள் தாங்களாகவே போய்க் கதவைத் தட்டின. உகாண்டா அதிபர் முசேவெனி, கோனியின் கிளர்ச்சிப் படையைப் பிடித்துக் கொடுக்கக் கேட்டார். கோனி ஆட்கள் மேல் வாரண்ட் வந்தது, முசேவெனியின் ராணுவத்தார் ஒருவர் மேலும் வரவில்லை. எதிராளியைப் போட்டுத்தள்ள ஹேக் நல்ல இடம், தன்மேல் திரும்பினால் காலனியாதிக்கம். இந்தக் கணக்கு எல்லாக் கண்டத்து ஆட்சியாளர்களுக்கும் பொது.

இன்னொன்று. இந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு செனகல், 1999 பிப்ரவரியில். ஐ.நா.வின் பிராந்தியக் குழு வாரியாகப் பார்த்தால் உறுப்பு நாடுகள் அதிகம் ஆப்பிரிக்காவிலிருந்துதான். இந்தியா இன்றுவரை சேரவில்லை. இலங்கை, சீனா, ரஷ்யா, அமெரிக்கா, யாரும் இல்லை.

16 மார்ச் 2025

ஆட்சியாளர்களை விடுங்கள், சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கென்யாவைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லத் தெரியும். 2013இல் நைரோபி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பின்னணி. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். எல்டோரெட் பக்கம் கியம்பா என்ற இடத்தில், உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களோடு சேர்த்து ஒரு சர்ச்சைக் கொளுத்தினார்கள். விசாரித்த கமிஷனின் தலைவர் கென்ய நீதிபதி வாக்கி. பொறுப்பாளிகள் என்று சந்தேகித்தவர்களின் பெயரை ஒரு கவரில் போட்டு ஒட்டி, சமரசம் பேச வந்த கோஃபி அன்னானிடம் கொடுத்தார். உள்நாட்டில் தனி நீதிமன்றம் அமைக்கும் மசோதாவை 2009 பிப்ரவரியில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. 'மழுப்பாதே, ஹேக்குக்குப் போ' என்று ஆங்கிலத்தில் எதுகையோடு முழங்கியவர்கள் கென்ய எம்.பி.க்களேதான். உள்ளூர் கோர்ட் என்றால் சீக்கிரம் பிடிபடுவோம், ஹேக் என்றால் பத்து வருஷம் இழுக்கும் என்று சிலர் கணக்குப் போட்டிருப்பார்கள். அன்னான் கவரை ஹேக்குக்கு அனுப்பினார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உஹுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் இருந்தார்கள். 2007இல் எதிரெதிர் அணி. 2013இல் இருவரும் கை கோத்துத் தேர்தலில் நின்றார்கள், ஜெயித்தார்கள், அதிபரும் துணை அதிபரும் ஆனார்கள்.

2013 செப்டம்பர் 10, ரூட்டோ வழக்கு தொடங்கிய நாள். கேன்டீன் டிவியில் நேரலை. உகாலியும் சுகுமாவும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன, யாரும் சாப்பிடவில்லை. கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக பென்சூடா எழுந்து பேசத் தொடங்கியதும் எங்கள் லாரி டிரைவர், எல்டோரெட் பக்கத்துக் கலெஞ்சின் இனத்தவர், என்னிடம் கேட்டார்: "இந்த அம்மா காம்பியாக்காரர். காம்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்டோரெட் எந்தத் திசை என்று அவருக்குத் தெரியுமா?"

நாம்தான் இங்கிருந்து பார்த்து "ஆப்பிரிக்கர்" என்று ஒரே பெட்டியில் போடுகிறோம். அவருக்கு பென்சூடா வெளியூர்க்காரர், அவ்வளவுதான். நிறம் ஒன்றாக இருப்பது ஒரு தகவலாகக்கூட அவருக்குப் படவில்லை.

ஸ்டோர் கீப்பர் அம்மா கிகுயு இனம். அண்ணன் குடும்பம் எல்டோரெட்டில் வீட்டைப் பறிகொடுத்து, கூடாரத்தில் இருந்து, கடைசியில் நக்குரு பக்கம் ஒண்டியது. சத்தமாக எல்லோரோடும் சேர்ந்து வெள்ளைக்காரன் கோர்ட் என்று திட்டுவார். ஓட்டும் அந்த ஜோடிக்குத்தான் போட்டார். ஸ்டாக் சரிபார்க்க உட்கார்ந்தபோது தனியாகச் சொன்னது வேறு: "இங்கே இருக்கும் ஜட்ஜுக்கு ஏதாவது ஒரு இனம் இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு எங்களில் யாரும் சொந்தமில்லை. அதனால் கொஞ்சம் நம்பினேன்."

இதை நான் பல நாள் மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். தன்னைப் போன்றவர் மேலே இருந்தால் நம்பிக்கை வரும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வந்த காரணம் நேரெதிர். சிபிஐ விசாரணை வேண்டும் என்று நம் ஊரில் கேட்பதற்குள்ளும் அதே நினைப்பு உண்டு.

அவர் நம்பியது வீண்போனது என்பதையும் சொல்ல வேண்டும். கென்யாட்டா மீதான குற்றச்சாட்டை 2014 டிசம்பரில் பென்சூடாவே திரும்பப் பெற்றார். ரூட்டோ வழக்கு 2016 ஏப்ரலில் நின்றுபோனது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கியிருந்தார்கள். சாட்சிகளுக்கு வந்த நெருக்கடியையும் அரசியல் தலையீட்டையும் நீதிபதிகளே குறிப்பிட்டார்கள்.

17 மார்ச் 2025

"நைரோபியில் இட்லி கிடைக்குமா?" என்று கேட்டவருக்கு: பார்க்லண்ட்ஸ் பக்கம் போங்கள். இழைக்கு வருவோம்.

22 மார்ச் 2025

டொரோன்டோவிலிருந்து எழுதும் நண்பர் ஒரே வரி போட்டிருந்தார்: "கிளிநொச்சி வாசலில் நின்ற சனத்தைக் கேளுங்கோ." இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சை நடத்தவே முடியாது.

2008 செப்டம்பர். வன்னியை விட்டு வெளியேறச் சொல்லி இலங்கை அரசு சொன்னதும், கிளிநொச்சியில் இருந்த ஐ.நா. பணியாளர்கள் மூட்டை கட்டினார்கள். அலுவலக வாசலில் சனம் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடியது. போய்விட்டார்கள். அப்போது பொதுச்செயலாளர் ஓர் ஆசியர், கொரியாவின் பான் கி மூன். அவர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி ஓர் இந்தியர், விஜய் நம்பியார். பேரழிவு முடிந்து, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வுக் குழு 2012 நவம்பரில் அறிக்கை தந்தது. அமைப்பு முழுவதுமே தவறிவிட்டது என்று ஐ.நா.வே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட அறிக்கை அது.

அதைவிட எனக்கு உறைப்பது 2009 மே 27. போர் முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சிலின் சிறப்புக் கூட்டம். சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டும் என்றார் அப்போதைய மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை. கவுன்சில் நிறைவேற்றியதோ இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்தவர்கள்: இந்தியா, சீனா, பாகிஸ்தான், பங்களாதேஷ், தென்னாப்பிரிக்கா, கானா, நைஜீரியா, பிரேசில், கியூபா என்று நீளும் பட்டியல். எதிர்த்தவை சிலி, மெக்சிகோ, கனடா நீங்கலாக எல்லாம் ஐரோப்பிய நாடுகள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் பிரதிநிதித்துவத்துக்கு என்ன குறை? தெற்குலகம் பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெரும்பான்மைதான் கையைத் தூக்கியது.

நவி பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் வழி, பஸ் டிரைவரின் மகள். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதி, பிறகு அதன் தலைவர். ஹேக் நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவர். இலங்கை பற்றி அவர் வாய் திறந்தபோதெல்லாம் அங்கே எழுந்த பதில், "அவர் தமிழர், அப்படித்தான் பேசுவார்". 2013 ஆகஸ்ட் கடைசியில் கொழும்பில் பத்திரிகையாளர்களிடம், தன்னை ஐ.நா.வில் இருக்கும் தமிழ்ப் பெண்புலி என்று சொல்வது பொய் மட்டுமல்ல, புண்படுத்துவதும்கூட என்று அவரே சொல்ல வேண்டி வந்தது.

கவனியுங்கள். பென்சூடா ஆப்பிரிக்கர் என்பது ஆப்பிரிக்க அதிபர்கள் அவரை நம்ப உதவவில்லை. பிள்ளை தமிழர் என்பது அவர் சொன்னதைத் தள்ளிவிட மட்டும் உதவியது. ஐரோப்பியர் ஒருவர் அதே அறிக்கையை எழுதியிருந்தால் காலனியாதிக்கம் என்றிருப்பார்கள். வசைச்சொல்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

23 மார்ச் 2025

டொரோன்டோ நண்பரின் பதில்: "எண்டாலும் அந்த மனுசி அங்க இருந்தபடியாத்தான் எங்கட கதை கோப்பில ஏறினது."

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. 14ஆம் தேதி நான் போட்ட "வரவில்லை" கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது இப்போது. நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இன்னொன்று. இரண்டாவதற்கு மேலே யார் இருக்கிறார் என்பது உதவும்போல.

4 ஏப்ரல் 2025

நேற்று நெதன்யாகு புடாபெஸ்டில் வந்து இறங்கினார். அவர் மேல் 2024 நவம்பர் வாரண்ட் இருக்கிறது. ஹங்கேரி அவரைப் பிடிக்க வேண்டிய உறுப்பு நாடு. பிடிப்பதற்குப் பதில், நாங்கள் நீதிமன்றத்தை விட்டே விலகுகிறோம் என்று அறிவித்துவிட்டது. காரணம் அரசியல் சார்பாம். 2015இல் சூடானின் அல் பஷீர் வந்தபோது தென்னாப்பிரிக்கா பிடிக்காமல் விட்டது, 2024 செப்டம்பரில் புதின் வந்தபோது மங்கோலியா விட்டது. கறுப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் ஆயிற்று. இந்த விஷயத்தில் மட்டும் உலகம் பூரண இன சமத்துவத்தை எட்டிவிட்டது.

11 ஏப்ரல் 2025

"உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா நம்ம ஆள்" என்று பெருமைப்பட்டவருக்கு. பிறந்தது புனே பக்கம், சரி. ஆனால் அவரை 2023இல் முன்மொழிந்தது அமெரிக்க அதிபர், அமெரிக்கக் குடிமகன் என்ற தகுதியில். உலக வங்கிக்கு இதுவரை வந்த தலைவர்கள் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள், பன்னாட்டு நாணய நிதியத்துக்கு (ஐ.எம்.எஃப்.) வந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள். 1940களில் பேசி வைத்துக்கொண்ட பங்கீடு, எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. 2012இல் நைஜீரியாவின் ஒகோன்ஜோ இவேலா உலக வங்கிக்குப் போட்டியிட்டார். அந்த வங்கியிலேயே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து மேலே வந்தவர். அமெரிக்கா நிறுத்திய ஜிம் யோங் கிம் வந்தார், அவரும் சியோலில் பிறந்தவர்தான். முகம் மாறும், யார் முகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை மட்டும் இடம் பெயராது.

ஒகோன்ஜோ இவேலா பிறகு 2021இல் உலக வர்த்தக அமைப்பின் தலைவர் ஆனார், முதல் ஆப்பிரிக்கர், முதல் பெண். அவர் போய் உட்கார்ந்தபோது அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு முடங்கிக் கிடந்தது. புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா அதற்கு முன்பிருந்தே தடுத்துவந்ததால், 2019 டிசம்பரிலிருந்து.

18 மே 2025

கரீம் கான் விடுப்பில் போயிருக்கிறார். அவர் மேல் வந்த பாலியல் அத்துமீறல் புகாரை ஐ.நா.வின் உள்விசாரணைப் பிரிவு விசாரிக்கிறது, அவர் மறுக்கிறார். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது இரண்டு துணை வழக்கறிஞர்கள்: ஃபிஜியின் நஸ்ஹத் ஷமீம் கான், செனகலின் மாமே மண்டியே நியாங். இந்திய வம்சாவளி ஒன்று, ஆப்பிரிக்கா ஒன்று. இந்த இழையில் யாரும் அதற்காக இன்று கூடுதலாக நம்பியதாகத் தெரியவில்லை.

மேல்நாற்காலியையே பார்த்துப் பார்த்து நாம் விடுவது கீழ்ப்படிகளை. ஹேக்கின் முதல் தீர்ப்பு, காங்கோவின் லுபாங்கா வழக்கு, 2012 மார்ச். சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றம், பதினான்கு ஆண்டு தண்டனை. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் வழக்கறிஞர் தரப்பையே வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். சாட்சிகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் சரியான மேற்பார்வை இல்லாமல் உள்ளூர் இடைத்தரகர்களிடம் விட்டிருந்தார்கள். அதனால் முன்னாள் சிறுவர் படையினர் என்று வந்து நின்ற பலரின் சாட்சியத்தை நீதிமன்றம் நம்ப முடியாமல் தள்ளிவைத்தது. குற்றம் நடந்த இட்டூரி பகுதியின் மண்ணையும் பாஷையையும் அறிந்தவர்கள் விசாரணைக் குழுவிலேயே சம்பள வேலையில் போதிய அளவு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். டிரைவர் கேட்ட "எல்டோரெட் எந்தத் திசை" என்ற கேள்விக்கு உண்மையில் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

7 ஜூன் 2025

நேற்று முன்தினம் அமெரிக்கா ஹேக் நீதிபதிகள் நால்வர் மேல் தடை விதித்தது: உகாண்டாவின் பொஸ்ஸா, பெருவின் இபான்யஸ், பெனினின் அலாப்பினி கன்சூ, ஸ்லோவேனியாவின் ஹோஹ்லர். நால்வரும் பெண்கள். முதல் இருவர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளையும் விசாரிக்கலாம் என்ற 2020 தீர்ப்புக்காக, மற்ற இருவர் நெதன்யாகு வாரண்டுக்காக.

இதைப் படித்ததும் 2020 செப்டம்பர் நினைவுக்கு வந்தது. அப்போது தடை பென்சூடா மேல், ஆப்கான் விசாரணையைக் கேட்டதற்காக. செய்தி வந்த நாளில் பழைய லாரி டிரைவர் வாட்ஸ்அப்பில் பென்சூடா படத்தோடு ஒரு வரி அனுப்பினார்: "இப்போது இந்த அம்மா எங்கள் ஆள்."

ஏழு வருஷத்துக்கு முன் காம்பியா எந்தத் திசை என்று தெரியாது என்றவர். பென்சூடா அதற்குள் ஆப்பிரிக்கர் ஆகிவிடவில்லை, முன்பே ஆப்பிரிக்கர்தான். பெரிய இடத்தில் கை வைக்கத் துணிந்தார், அதுதான் புதுசு. கூண்டுக்கு யாரை இழுக்கவே முடியாது என்பதை வைத்துத்தான் அந்த மனிதர் நீதிமன்றத்தை எடைபோட்டிருக்கிறார்.

பென்சூடாவுக்குச் சிலை வைக்க வேண்டாம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஈராக்கில் பிரிட்டிஷ் படையினர் செய்ததைப் பற்றிய முதற்கட்ட ஆய்வை 2020 டிசம்பரில் முழு விசாரணைக்குப் போகாமலே மூடியவரும் அவர்தான். அவருக்குப் பின் வந்த கரீம் கான் ஆப்கான் விசாரணையில் அமெரிக்கர் பகுதியை ஓரமாக வைத்துவிட்டு தாலிபான், ஐ.எஸ். மேல் மட்டும் கவனம் என்றார். பிறகு அவரே நெதன்யாகுவுக்கு வாரண்ட் கேட்டார், தடைப்பட்டியலிலும் ஏறினார். இவர்கள் பிறப்பை வைத்து அடுத்த நகர்வை ஊகிக்கப் போனால் நாலுக்கு ரெண்டு தப்பும்.

9 ஜூன் 2025

பாதுகாப்பு கவுன்சிலைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கோபப்படுகிறார்கள். சரி, சுருக்கமாக. நிரந்தர உறுப்பினர் ஐவரில் மூவர் ஹேக்கில் சேராதவர்கள். ஆனால் மற்ற நாடுகளை ஹேக்குக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2005இல் சூடானின் டார்ஃபூரை அனுப்பினார்கள், 2011இல் லிபியாவை. 2014 மே மாதம் சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. டார்ஃபூர் தீர்மானத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். அமைதிப் பணிக்குப் போகும் உறுப்பில்லா நாட்டவர்கள் மேல் ஹேக் கை வைக்கக் கூடாது என்று ஒரு பத்தி, விசாரணைச் செலவில் ஐ.நா. ஒரு காசு தராது என்று அடுத்த பத்தி. வேலை சொல்வார்களாம், கூலி தர மாட்டார்களாம்.

6 ஜூலை 2025

"முதல் ஆப்பிரிக்கப் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான்" என்று எழுதியவருக்கு: இல்லை, அவருக்கு முன் பூட்ரோஸ் காலி, எகிப்து. (எகிப்து ஆப்பிரிக்காவா அரபா என்று ஆரம்பிக்காதீர்கள், கை எடுத்துக் கும்பிடுகிறேன்.)

ஆனால் அந்த வரிசையைச் சொன்னதும் 1994 வருகிறது. ருவாண்டா இனப்படுகொலையின்போது ஐ.நா. பொதுச்செயலாளர் ஆப்பிரிக்கர் பூட்ரோஸ் காலி. அமைதிப்படைத் துறையின் தலைவர் ஆப்பிரிக்கர் அன்னான். ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிடப் போகிறேன் என்று அங்கிருந்த தளபதி டாலேர் ஜனவரியில் அனுப்பிய தந்திக்கு, வேண்டாம் என்று பதில் போனது அந்தத் துறையிலிருந்துதான். பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தரமற்ற இடங்களில் ஒன்றில் அந்த ஆண்டு உட்கார்ந்திருந்தது ருவாண்டா. ஆமாம், கொன்றுகொண்டிருந்த அரசின் தூதர், கொலையைப் பற்றிப் பேசும் மேசையில். ஏப்ரல் 21ஆம் தேதி, கொலை உச்சத்தில் இருக்கும்போது, அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க கவுன்சில் முடிவெடுத்தது. பிரதிநிதித்துவம் பூரணம்.

அதே ஐ.நா.வில் கீழே ஒருவர் இருந்தார். செனகல் ராணுவத்தின் கேப்டன் ம்பாயே டியாக்னே, ஆயுதம் வைத்துக்கொள்ளாத ராணுவப் பார்வையாளர். கொல்லப்பட்ட பெண் பிரதமரின் பிள்ளைகளைத் தன் காரில் மறைத்து ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு நாள்தோறும் நாலைந்து பேராக வண்டியில் ஏற்றி, கத்தியோடு நின்ற சோதனைச் சாவடி ஆட்களுக்குச் சிகரெட் நீட்டி, ஜோக் அடித்து, கடந்துபோனார். காப்பாற்றிய உயிர் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். மே 31ஆம் தேதி கிகாலி சாவடி ஒன்றில் மோர்ட்டார் குண்டு விழுந்து செத்தார். மேலிடம் போகச் சொல்லாத வேலை அது. 2014இல் அவர் பெயரில் ஒரு பதக்கம் வைத்தார்கள்.

1998 மே மாதம் அன்னான் பொதுச்செயலாளராக கிகாலிக்குப் போனபோது ருவாண்டா தலைவர்கள் அவருக்கான வரவேற்பைப் புறக்கணித்தார்கள். நாடாளுமன்றத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. கறுப்பர் ஒருவர் வந்து பேசுவது அங்கே எதையும் மட்டுப்படுத்தவில்லை. ஆனால் அன்னான் கணக்கில் இதையும் எழுத வேண்டும்: ஐ.நா.வின் தவறைத் துருவச் சொல்லி ஸ்வீடன் முன்னாள் பிரதமர் கார்ல்சனிடம் விசாரணையை ஒப்படைத்தவர் அவர்தான். 1999 டிசம்பரில் வந்த அறிக்கை அன்னானின் துறையையும் விடவில்லை. அதை அவர் வெளியிட்டார்.

8 ஜூலை 2025

ருவாண்டா தீர்ப்பாயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தான்சானியாவின் அருஷாவில் இருந்தது. நைரோபியிலிருந்து நமாங்கா எல்லை வழியாக ஷட்டில் பஸ்ஸில் போய்விடலாம். சிங்கம் பார்க்கப் போனபோது அந்த மாநாட்டுக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் மூன்று பகுதிக்கும் கிளிமஞ்சாரோ, செரங்கெட்டி, ங்கோரங்கோரோ என்று பெயர். 1994 நவம்பரில் கவுன்சில் அதை உருவாக்கியபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு ருவாண்டா, அப்போது அங்கே புது அரசு. பாதிக்கப்பட்ட தரப்பே எதிர்த்தது. பிற்பாடு, படுகொலையை நிறுத்திய படையினரின் பழிவாங்கல்களையும் விசாரிக்க முனைந்த தலைமை வழக்கறிஞர் கார்லா டெல் பான்டே 2003இல் அங்கிருந்து மாற்றப்பட்டார். அடுத்து வந்தவர் காம்பியாவின் ஹசன் ஜாலோ. அந்தப் படையினர் மேல் தீர்ப்பாயம் கடைசிவரை ஒரு வழக்கும் போடவில்லை.

காம்பியா சின்ன நாடு, ஆனால் இந்த இழையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

24 செப்டம்பர் 2025

புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் மூன்றும் சேர்ந்து, உடனே விலகுகிறோம் என்று திங்கட்கிழமை அறிவித்துவிட்டன. புதுக் காலனியாதிக்க அடக்குமுறைக் கருவி என்று குற்றச்சாட்டு. மூன்று இடத்திலும் ஆட்சி, கவிழ்த்துவிட்டு வந்த ராணுவத்தின் கையில். பொதுமக்களைக் கொன்றதாக அந்த ராணுவங்கள் மேல் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் இருக்கின்றன.

மாலி 2012இல் தானே ஹேக்கை அழைத்த நாடு. டிம்பக்டுவின் பழைய தர்காக்களை இடித்த அல் மஹ்திக்கு 2016இல் ஒன்பது ஆண்டு தண்டனை கிடைத்ததும் அந்த அழைப்பினால்தான். "உடனே" என்று அறிவிப்பில் இருந்தாலும், எழுத்தில் அறிவித்து ஓராண்டு கழித்தே விலகல் செல்லும். அதுவரை நடந்தவற்றுக்கு நீதிமன்றத்தின் அதிகாரமும் போகாது. ஜாம்மேயின் வசனம் ஒன்பது வருஷம் கழித்து மூன்று வாய்களில். துணை வழக்கறிஞர் செனகல்காரர் என்பதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

7 அக்டோபர் 2025

நேற்று டார்ஃபூர் வழக்கில் முதல் தீர்ப்பு வந்தது. அலி குஷைப் என்று அறியப்பட்ட ஜன்ஜவீத் ஆயுதக் குழுவின் தளபதி 27 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி. 2003, 2004இல் நடந்தவை. வழக்கை ஹேக்குக்கு அனுப்பி இருபது ஆண்டு. தீர்ப்பளித்த மூவர்: பிரிட்டனின் ஜோஆனா கோர்னர், டிரினிடாடின் அலெக்ஸிஸ் வின்ட்சர், பெனினின் அலாப்பினி கன்சூ. கடைசிப் பெயர் ஜூன் மாதக் குறிப்பில் வந்ததுதான். அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்துகொண்டே அவர் இந்த வழக்கை முடித்திருக்கிறார்.

அல் பஷீர் மேல் 2009இல் போட்ட வாரண்ட் இன்னும் நிறைவேறவில்லை. குஷைபுக்கு எத்தனை ஆண்டு என்று பிறகு அறிவிப்பார்கள். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.